எழுத்தை வாசித்துச் சொல்லும் ஆப்கள்: தமிழுக்கு எது தேறும்?

பார்வையற்றவர்களுக்கான எழுத்து வாசிக்கும் ஆப்களைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை, சுத்தமாக அச்சடித்த ஆங்கிலத் தாள் ஒன்றைக் காட்டி, "அப்படியே வாசிக்குது, சூப்பர்" என்று முடிந்துவிடுகின்றன. நம் வீட்டுக்கு வரும் காகிதம் அப்படியா இருக்கிறது? பாதி தமிழ் பாதி ஆங்கிலத்தில் ரசீது, வளைத்து நெளித்த எழுத்தில் கல்யாணப் பத்திரிகை, பளபளக்கும் தகட்டின்மேல் தேதி அடித்த மாத்திரை அட்டை. ஆண்ட்ராய்டில் டாக்பேக் (திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான்) வைத்துப் புழங்கும் எனக்கு, இவற்றை வாசிக்க எந்த ஆப் உதவுகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

ஆங்கிலத்துக்கு என்றால் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ, யோசிக்கவே வேண்டாம். 2017-ல் ஐபோனுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் சாகிப் ஷேக் பார்வையற்றவர், அது பயன்படுத்தும்போதே தெரிகிறது. கேமராவை எழுத்துக்கு நேரே காட்டினால் போதும், பட்டன் எதுவும் தட்டாமலே வாசிக்கத் தொடங்கிவிடும். முழுப் பக்கம் என்றால் எந்த ஓரம் வெளியே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, தாள் முழுதாக உள்ளே வந்ததும் தானே படம் எடுத்துக்கொள்ளும். இந்த ஓரம் சொல்கிற வேலைதான் எங்களுக்கு உயிர், ஏனென்றால் படம் கோணலாக விழுந்தால் எவ்வளவு கெட்டிக்கார ஆப்பாக இருந்தாலும் உளறத்தான் செய்யும். (புதிதாகப் பழகுகிறவர்களுக்கு: வெள்ளைத் தாளைக் கருப்புத் துணிமேல் வையுங்கள், போனைத் தாளின் நடுவில் படுக்கவைத்து, முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நேராக மேலே ஓர் அடி தூக்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.)

தமிழுக்கு நான் போவது என்விஷன். கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் என்ற இருவர் நெதர்லாந்தில் தொடங்கியது, 2019-ல் கூகுள் ப்ளே விருது வாங்கியது, முன்பு காசு கேட்டது, இப்போது இலவசம். அச்சுத் தமிழ் பரவாயில்லை என்பதைத் தாண்டி நன்றாகவே வருகிறது, தமிழும் ஆங்கிலமும் கலந்த தாள் உட்பட. ஆனால் தமிழுக்கு நெட் வேண்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை ஆப்களால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் காகிதத்தில் இல்லை, பிடிஎஃப்பில். வானவில் அவ்வையார், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்துப் பாருங்கள், ஆங்கில எழுத்தாக ஏதேதோ கத்தும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், வெளியே தெரிகிற உருவம் மட்டும்தான் தமிழ். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி வைத்திருக்கும் யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-லேயே அறிவித்தாகிவிட்டது, ஆனாலும் இந்தக் கோப்புகள் ஒழிந்தபாடில்லை. எழுத்தைப் படமாகப் பார்த்து வாசிக்கும் ஆப்புக்கு உள்ளே என்ன குறி இருந்தால் என்ன, உருவத்தை வைத்தே வாசித்துவிடும். வாட்ஸப்பில் வந்த சுற்றறிக்கையை அப்படியே பகிர்ந்தால் போதும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம், துதிக்கை போல வளைந்த பழைய னை, லை வரும் இடங்களில் தடுக்குகிறது. கதை புரிந்துவிடும்.

வாசித்தது காதுக்கு வராவிட்டால் ஆப்பைத் திட்டும் முன் போனில் தமிழ்க் குரல் இருக்கிறதா பாருங்கள். கூகுளின் தமிழ்க் குரல் கேட்க இனிமை, ஈஸ்பீக் என்ற இன்னொரு பேச்சுச் செயலியுடையது தகரக் குரல்தான், ஆனால் வேகமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதுவே தோது.

இப்போது எல்லோரும் பார்வையற்றவர்களுக்கு உதவும் பீ மை ஐஸ் என்ற ஆப்பில் உள்ள ஏஐ-யைக் காட்டிப் பரவசப்படுகிறார்கள். எனக்கும் பிடிக்கும். படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதில் கடைசித் தேதி என்ன?" என்று தமிழிலேயே கேட்கலாம், முழுத் தாளையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் மாத்திரை அட்டைக்கு இந்த மாதிரி ஏஐ எதையும் நம்பமாட்டேன். பழைய பாணி ஆப் சறுக்கினால் எழுத்துக் குப்பையாகக் கொட்டும், சறுக்கியது காதிலேயே தெரிந்துவிடும். ஏஐ சறுக்கினால் ஒழுங்கான வாக்கியத்தில், நிதானமாக, தப்பான தேதியைச் சொல்லும். கண்ணில்லாதவனுக்கு எது ஆபத்து? மருந்து என்றால் அதே பீ மை ஐஸில் தன்னார்வலரை வீடியோவில் கூப்பிடும் வசதி இருக்கிறது, 2015-லிருந்தே இருக்கிறது, அதைத் தட்டுங்கள். கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் தேதி இருந்த பாதியே போயிருந்தால் எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் இருப்பது எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்ல ரிசர்வ் வங்கியின் மணி ஆப். 2020 ஜனவரியில் வந்தது, நெட் தேவையில்லை, இப்போது தமிழிலும் பேசுகிறது. புது 100, 200, 500 மூன்றும் ஒரே அகலம், நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் ஏற்றம், பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்க ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் கசங்கிய நோட்டில் தெரிவதில்லை, அதனால் இந்த மாதிரி ஆப் இல்லாமல் முடியாது. கள்ளநோட்டா என்று மட்டும் சொல்லாது. கேமராவில் பார்ப்பதைச் சொல்லும் கூகுளின் லுக்அவுட் ஆப்பும் 2021-லிருந்து நம் நோட்டைச் சொல்கிறது, ஏற்கெனவே போனில் இருந்தால் அதுவே போதும்.

பாஸ்புக், பான் அட்டை மாதிரி சமாச்சாரங்களை வாசிக்க வைக்கும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள். அப்போதும் வாசித்தால் படம் போனைவிட்டு வெளியே போகாமலே வேலை நடக்கிறது. வாசிக்கவில்லை என்றால் யாருடைய சர்வருக்கோ போய்த்தான் திரும்புகிறது. சீயிங் ஏஐ-யின் உடனடி வாசிப்பு இதில் தேறிவிடும். தமிழ்ப் பாஸ்புக்குக்கு இன்னும் வீட்டில் ஒருவரைத்தான் கூப்பிடுகிறேன்.