எந்த ஃபேனைத் திறந்து பார்க்கலாம்?

மட்டக்களப்பில், கல்லடியில் அம்மாவின் அறையில் இருக்கும் மேசை ஃபேன் போன சித்திரையில் நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் முனகும், இதழ் அசையாது. கம்பிக்கூட்டுக்குள் ஈர்க்கை விட்டுத் தள்ளினால் மெல்லச் சுற்றத் தொடங்கும். புதுசு வாங்குவோம் என்றேன், அம்மா சம்மதிக்கவில்லை. தூக்கிக்கொண்டு சந்தியில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டர் சாகல்ல தங்கச்சி, கெப்பாசிட்டர்தான் போயிருக்கு" என்றார். மோட்டரைச் சுற்றத் தொடங்க வைப்பது அதுதான்: தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு வயர். பத்து நிமிட வேலை.

முன்பெல்லாம் ரிமோட், லைட், யூஎஸ்பி என்று எது புதுசாக வந்தாலும் வாங்கிப் பார்க்க வேண்டும் எனக்கு. அந்த ஆசை இப்போது வடிந்துவிட்டது. ஹோலுக்கு ஒரு ஃபேன் தேவைப்பட்டபோது, கெட்டுப்போனால் யார் திறப்பார்கள் என்பதைத்தான் முதலில் யோசித்தேன். மூன்று வகையையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது, பழைய முறைச் சீலிங் ஃபேன். உள்ளே செப்புக் கம்பிச் சுருள், பெயாரிங், கெப்பாசிட்டர், அவ்வளவுதான். கெப்பாசிட்டரில் அச்சிட்ட அளவு பொருந்தினால் எந்த நிறுவனத்தின் கெப்பாசிட்டரையும் போடலாம். பெரும்பாலான சீலிங் ஃபேன்களுக்கு 2.5 மைக்ரோஃபரட். சத்தம் வந்தால் பெயாரிங் மாற்றலாம். சுருள் எரிந்தாலும் கதை முடியாது, வைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் புதுக் கம்பி சுற்றித் தருவார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் கல்லடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் இந்த ஃபேனில் துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம்.

குறை கரண்ட் பில்லில். இது 70 முதல் 80 வாட் வரை இழுக்கும்.

அந்த இடத்தில்தான் இரண்டாவது வகை, பிரஷ் இல்லாத நேர்மின் (டிசி) மோட்டர் போட்ட பிஎல்டிசி ஃபேன் ஜெயிக்கிறது. அதே காற்றுக்கு அதற்கு 30 வாட் அளவு போதும். நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் பழையது மாதத்துக்கு 22 யூனிட்டுக்கு மேல், இது 9 யூனிட். நமது இலங்கையில் வீட்டு மின்கட்டணம் 60, 90, 120 யூனிட் என்று படிப்படியாக ஏறுவதால், 13 யூனிட் குறைவது சில வீடுகளை ஒரு படி கீழே இறக்கிவிடும். இன்வெர்ட்டர் பற்றரியிலும் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். இதை ஏமாற்று வித்தை என்று நான் சொல்லமாட்டேன், நல்ல பொறியியல்.

ஆனால் அந்தச் சிக்கனம் முழுவதும் ஒரு சர்க்கியூட் போர்டின் தயவில் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, மோட்டரின் சுருள்களுக்கு முறைவைத்து மாற்றி மாற்றி விடுவது அந்த போர்ட்தான். மாரியில் இடி விழுந்தாலும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் முதலில் போவதும் அதுதான். உப்பு ஈரம் பட்டால் செம்புத் தடங்களில் பச்சை பிடிக்கும். சில மாடல்களில் போர்டின் மேல் கெட்டிப் பசை ஊற்றியிருப்பார்கள். ஈரத்துக்கு அது கவசம், ஆனால் பழுது வந்தால் பாகம் பாகமாகக் கழற்ற முடியாது. பக்கத்து வீட்டில் ஒன்று இரண்டாவது மாரியில் நின்றது. மோட்டர் நல்லாத்தான் இருந்தது, அந்த மாடலுக்கு போர்ட் இல்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். முழு ஃபேனும் பழைய இரும்புக்குப் போனது. அந்த வீட்டு மாமி அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறா, எனக்கும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது, சார்ஜ் ஃபேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது, அதன் அருமை கைக்குழந்தை இருந்த வீடுகளுக்குத் தெரியும். மறுகா கரண்ட் சீரானதும் எங்கள் வீட்டில் மூலையில் போட்டுவிட்டோம். ஈய பற்றரியை ஏற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் படிந்து செத்துவிடும், அதுதான் நடந்தது. இருந்தாலும் எமர்ஜென்சி லைட்டுக்குப் போடும் 6 வோல்ட் பற்றரி அதற்கும் சரி, மாற்றியாயிற்று. மடித்துக் கைப்பைக்குள் வைக்கிற சின்ன லித்தியம் ஃபேன்களில் பற்றரியை ஒட்டியே அனுப்புகிறார்கள், அவற்றை வாங்க வேண்டாம்.

பாரிஸில் இருக்கும் மச்சாள் ஒன்று சொன்னா. பிரான்ஸில் 2021இல் போன், லேப்டொப், டிவி, வோஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று 10க்குப் புள்ளி போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி வந்ததாம். உதிரிப்பாகம் கிடைக்குமா, என்ன விலை, கழற்றுவது எளிதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்ததாம். நமது கடைகளில் அப்படி ஒரு எண் இல்லாதபடியால் வாயால்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். இரண்டு கடைகளில் வாரன்டி அட்டையைக் காட்டினார்கள். கல்முனையில் மூன்றாவது கடையில், "போர்ட் தனியா இருக்கா?" என்றதும் அந்தத் தம்பி மேசை லாச்சியை இழுத்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒன்றை எடுத்து வைத்தார். பசை ஊற்றாத போர்ட், நான்கு திருகாணி, கழற்றி மாட்டுகிற வயர். ஹோலில் நாள் முழுக்க ஓடுவதால் அந்த பிஎல்டிசி ஃபேனையே வாங்கினேன், போர்டையும் சேர்த்து. அம்மாவின் அறைக்குப் புது ஃபேன் தேவையில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பழைய மேசை ஃபேனின் புஷ்ஷில், அதாவது அச்சு சுற்றும் வளையத்தில், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறேன்.