240 யூரோ போச்சு! ஜெர்மனியில் சாப்பாட்டுப் பெட்டிக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்

ஜெர்மனியில் படிக்கிறவர்கள், வரப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். "ஜெர்மன் வீட்டுச் சமையல், சைவமும் உண்டு" என்று ஒரு தளத்தின் விளம்பரம் மாணவர் குழுக்களில் சுற்றுகிறது. வாரம் 5 பெட்டி, பெட்டி 4 யூரோ, 12 வாரத்துக்கு 240 யூரோ, முழுவதும் முன்பணம். பணம் போய் மூன்று வாரம் ஆச்சு. வந்தது ஒரே ஒரு பெட்டி.

மென்சா, அதாவது பல்கலைக்கழக உணவகம், பல ஊர்களில் மதியத்தோடு முடிந்துவிடும், வார இறுதியில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது. அந்த நேரத்துப் பசியை வைத்துத்தான் இந்த வியாபாரம்.

வந்த அந்த ஒன்று லின்சன்ஐன்டொப்ஃப், அவர்கள் ஊர்ப் பருப்பு சூப். மூடியில் 'வெகெடாரிஷ்', அதாவது சைவம், என்று சீட்டு. கேரட், உருளைக்கிழங்கு, செலரிக் கிழங்கு, லேசான வினிகர் புளிப்பு, எல்லாம் சரி. கரண்டியால் அடியைக் கிளறினால் நகத்தளவு இளஞ்சிவப்புத் துண்டுகள். ஸ்பெக்! புகைபோட்ட பன்றி இறைச்சி. இந்த சூப்புக்கு முதலில் ஸ்பெக்கை வதக்குவது அங்கே சாதாரண வழக்கம். பருப்பு என்றாலே சைவம் என்று நம்பாதீர்கள்.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில், பணம் போகுமுன் ஐபான் என்ற வங்கிக் கணக்கு எண்ணும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்லும். 'பெயர் பொருந்தவில்லை' என்றே வந்தது. தளத்துக்காரரிடம் கேட்டால், "கணக்கு மனைவி பெயரில், எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்" என்று ஒரே நிமிடத்தில் பதில். அவ்வளவு பணிவான பதிலை நம்பி அழுத்தியாச்சு. உடனடிப் பரிமாற்றம், 10 நொடியில் 240 யூரோ காலி. எச்சரிக்கையை மீறி அனுப்பினால் வங்கி பொறுப்பேற்காது. பணத்தைப் பெற்றவர் சம்மதித்தால்தான் திரும்புமாம்.

பிறகு சாக்குகள். "வண்டிக்காரருக்கு உடம்பு சரியில்லை." "திங்கட்கிழமை கண்டிப்பாக." கடைசியில், "சாப்பாட்டுக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது." கெட்டுப்போகும் பொருளுக்கு அப்படி விதிவிலக்கு இருப்பது நிஜம். ஆனால் வரவே வராத 59 பெட்டிக்கு அதைக் காட்டுவது அயோக்கியத்தனம்! இப்போது பதிலே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நிதானம் வரவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. தளத்தில் இம்ப்ரெசும் இல்லையென்றால், அதாவது நடத்துபவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால், பணம் கட்டாதீர்கள். வாரா வாரம் மட்டும் கொடுங்கள். லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில் அவர்களே கணக்கிலிருந்து எடுத்திருந்தால் 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். நாமே அனுப்பியதற்கு அந்த வசதி கிடையாது. ஏற்கெனவே கட்டியவர்கள் கெடு தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு போலீஸின் இணையப் பக்கத்தில் புகார் கொடுங்கள்.

நேற்று இரவு அதே விளம்பரம் இன்னொரு குழுவில் வந்திருக்கிறது, "முதல் 20 பேருக்கு 200 யூரோ" என்று. யாரும் கட்டாதீர்கள்.