டிஎம்சி ஆறிழை நூல்: நம்மூர் ஈரக்காற்றுக்குத் தாங்குமா?

கைப்பூவேலையில் வரும் சலிப்பில் பாதி நூலால் வருவது. ஐந்து தையல் போடுவதற்குள் முடிச்சு விழும், இழை பஞ்சாகும், துவைத்தால் சாயம் இறங்கும். நூறு கண்டு ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையச் சந்தையில் பெயர் தெரியாத நூலை வாங்கினால் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். புதிதாக ஊசி பிடிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: நூறு நிறம் வேண்டாம், நல்ல நூலில் பன்னிரண்டு நிறம் போதும். அந்த நல்ல நூலாக சிங்கப்பூரில் சிரமமில்லாமல் கிடைப்பது டிஎம்சியின் மூலினே ஸ்பெசியால்.

டிஎம்சி 1746இல் முலூஸ் நகரில் தொடங்கிய பழைய நிறுவனம். அந்த ஊர் இன்று பிரான்சில் இருக்கிறது. நூல் நீண்ட இழைப் பருத்தி. காரக் கரைசலில் நனைத்து இழுத்துப் பிடித்துப் பதப்படுத்துவதால் இழை உருண்டு திரண்டு ஒளியைத் திருப்புகிறது. பட்டு கலக்காமலே மினுங்குவது அதனால்தான். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. 45 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் பதினேழு துண்டு வரும்; இரண்டிரண்டு இழையாகத் தைத்தால் ஐம்பத்தொரு முறை ஊசி கோக்கலாம். கைக்குட்டை மூலையில் போடும் சின்னப் பூங்கொத்துக்கு ஒரு நிறத்தில் ஒரு கண்டே மிஞ்சும்.

இதன் பெரிய பலம் எண்தான். ஒற்றை நிறங்கள் மட்டும் 500 உண்டு. 310 என்றால் கறுப்பு, 321 என்றால் சிவப்பு. பாதி இதழில் நூல் தீர்ந்தாலும், மூன்று வருடம் கழித்து மேசைவிரிப்பை மீண்டும் எடுத்தாலும், அதே எண்ணைக் கேட்டு வாங்கித் தொடரலாம். சாயத் தொகுதிக்குத் தொகுதி மிகச் சிறிய வேறுபாடு வரக்கூடும். ஆகவே பெரிய பின்னணியை நிரப்புவதாக இருந்தால் தேவையான கண்டுகளை ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது. பெயரற்ற பெட்டிகளிலும் இதே எண்களை அச்சிடுகிறார்கள். எண்ணை நம்பி இரண்டையும் ஒரே இலையில் கலந்தால் பச்சை இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

கண்டின் காகிதப் பட்டைகளைக் கழற்றவே கூடாது. நிற எண் அச்சிட்ட பட்டைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மெதுவாக இழுத்தால் சிக்கலின்றி வரும். வெட்டியபின் ஆறிழையை இரண்டாகப் பிளந்து பிரிக்க முயல்வதுதான் எல்லோரும் செய்வது, முடிச்சும் அங்கேதான் விழுகிறது. ஒரே ஓர் இழையின் நுனியைப் பிடித்து நேராக மேலே உருவுங்கள். மற்ற இழைகள் கீழே சுருண்டு, இது வெளியே வந்ததும் தாமாக நீளும். ஒவ்வொன்றாக உருவிய இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி சேர்த்தால் முறுக்கு தளர்ந்து, இடைவெளியின்றி நெருக்கமாகப் போடும் சாட்டின் தையல் தட்டையாகப் படியும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்துக்கு மேல் வெட்டினால் நூல் ஊசிக்காதிலும் துணியிலும் அதிகம் உரசி, கடைசிப் பகுதி மங்கிப்போகும். நடுநடுவே ஊசியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஏறிய முறுக்கு இறங்கிவிடும்.

நூல் நல்லதாக இருந்தும் பஞ்சானால் ஊசியைப் பாருங்கள். எண் கூடக்கூட ஊசி மெல்லிதாகும். இரண்டு இழைக்கு 8 அல்லது 9ஆம் எண், மூன்றுக்கு 7, ஆறிழைக்கு 3 முதல் 5 வரை. ஊசி மெலிந்தால் துளை போதாமல் நூல் ஒவ்வொரு இழுப்பிலும் அரைபடும். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஐடா துணிக்கு மட்டும் 24ஆம் எண் மழுங்கிய முனை ஊசி. ஊசியில் நூலைப் பலமுறை சுற்றி இழுக்கும் புல்லியன் முடிச்சு சிக்கிக்கொள்கிறது என்று புலம்புகிறவர்கள் மில்லினர்ஸ் ஊசிக்கு மாறிப் பார்க்கலாம்: அதன் காது உடலைவிட அகலமில்லாததால் சுற்றுகள் வழுக்கிக்கொண்டு வரும். புள்ளிபோல் நிற்கும் பிரெஞ்சு முடிச்சு பின்பக்கம் புதைந்துபோனால் அது ஊசியின் குற்றமில்லை. வந்த துளையிலேயே திரும்ப இறக்குகிறீர்கள். துணியில் ஓரிழை தள்ளி இறக்குங்கள்.

இனி ஈரம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். நூலுக்கு அதனால் பெரிய கேடில்லை; மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வெயில் விழும் சன்னலோரத்தைத் தவிர்த்தால் பூசணமும் நிறம் வெளுப்பதும் அண்டாது. கெடுவது ஊசிதான். வியர்த்த கையால் பிடித்த ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் போனால் துருக்கறை விழும், அது துவைத்துப் போகாது. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் இரவில் கழற்றிவிடுங்கள்; நாள்கணக்கில் விட்டால் அழுக்கு வட்டம் படியும். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிய மரவளையம் துணியை நன்றாகக் கவ்வும். துணி தளர்ந்திருந்தால் சாட்டின் தையல் சுருக்கம் விழும்.

சாய விஷயத்தில் எந்த நிறுவனத்து நூலானாலும் அடர் சிவப்பை முழுதாக நம்பக் கூடாது. வெள்ளைத் துணியில் 321, 498, 815 போன்றவற்றைப் போடும் முன், ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். துவைக்கும்போது குளிர்ந்த நீரில், சாயம் நிற்கும்வரை அலச வேண்டும். அதன்பின் முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவையுங்கள். மழைநாளில் மெதுவாகக் காயும் துணியில்தான் சாயம் ஊர்ந்து பரவுகிறது. நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், கோடு முழுதாகப் போகும்வரை இஸ்திரி பக்கமே போகாதீர்கள். சூடு பட்டால் கோடு நிரந்தரமாகிவிடலாம். தானாக மறையும் ஊதாப் பேனா நம் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் மறையும். ஒரே அமர்வில் முடியும் வேலைக்கே அது சரி.

இந்தியாவுக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் ஆங்கர் நூல் வரும். அதுவும் தரமான ஆறிழைதான். எண் முறை மட்டும் வேறு: டிஎம்சி 310க்கு ஆங்கரில் 403. மாற்று அட்டவணைகள் தருவது கிட்டத்தட்டப் பொருந்தும் நிறத்தை. ஒரே பூவுக்குள் மாற்றாமல் பூவுக்குப் பூ மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது.

டிஎம்சியின் மற்ற நூல்களில் முறுக்கிய ஒற்றை நூலான 8ஆம் எண் பெர்ல் உருண்டை எங்களுக்குப் பிடித்தது. இழை பிரிக்கும் வேலையில்லை. சங்கிலித் தையலும் காஜாத் தையலும் புடைத்து நிற்கும். ஜரிகை நூல்களைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். 30 செ.மீ. துண்டுகூட நுனி பிரிந்து படுத்தும். தீபாவளி ரவிக்கைக் கழுத்துக்கு மினுமினுப்பு வேண்டுமென்றால் ஆரி வேலைக்குக் கொடுத்துவிடுவதே மேல்.

நூலுக்கு பிளாசா சிங்கபுராவில் உள்ள ஸ்பாட்லைட், துணிக்கு அரபு ஸ்திரீட் அல்லது பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். துணி வாங்கும்போது பாலியஸ்டர் கலக்காத பருத்தி என்று கேட்டு அரை மீட்டர் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். பூவெல்லாம் போட்டபின் துணி சுருங்கினால், நூல் சுருங்காமல் தொங்கும்.