சுட்டு வரைந்த தோலுக்கு எந்தச் சாயம்?

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பார்த்து, வாளும் வில்லும் ஏந்திய வீரர் உருவங்களைத் தோல் பைகளின் மேல்மடிப்பில் சூட்டுக்கோலால் வரைந்து வருகிறேன். ஓர் உருவத்தைச் சுட்டு முடிக்க ஒரு நாள் போதும். சுட்ட தோலுக்கு எந்தச் சாயம் பொருந்தும் என்று கண்டுகொள்ளத்தான் பல மாதங்கள் ஆயின. சுட்ட கோடு கருகி இறுகிவிடுவதால் அதில் சாயம் இறங்குவதில்லை. அதை ஒட்டிய தோலோ சூட்டில் வற்றிக் கிடப்பதால் மற்ற இடங்களைவிட வேகமாகச் சாயத்தைக் குடிக்கிறது.

தோலைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடமில்லை. நம் கரடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையிலோ கடுக்காய் போன்ற பிற தாவரப் பொருள்களிலோ பதனிட்ட தோலைத்தான் சுட வேண்டும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலைச் சுட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சு மிகுந்த வடிவத்துக்கு மாறக்கூடும். சாயம் ஏற்றிய பின் சுடுவதும் தவறு. சாயத்தின் வேதிப்பொருளும் புகையோடு மூச்சில் கலக்கும்.

ஆல்கஹாலில் கரைத்த ஸ்பிரிட் சாயம் ஆழமாக இறங்கும், சில நிமிடங்களில் காயும். அந்த வேகமே இங்குக் குறை. பஞ்சை ஒரு முறை இழுத்த இடத்தில் மறுமுறை இழுத்தால் பட்டைப்பட்டையாகக் கோடு தெரிகிறது. கோட்டில் ஒட்டியிருக்கும் கரித்தூளும் அதோடு கலந்து பரவுகிறது. என் முதல் வீரனின் முகம் இப்படித்தான் பழுப்புத் திட்டாகிப் போனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தண்ணீர்ச் சாயம் மெதுவாக ஏறுவதால், மெல்லிய தூரிகையில் தொட்டுக் கோடுகளுக்கு நடுவே மட்டும் நிறம் தீட்டலாம், நாற்றமும் இல்லை. ஆனால் மெல்லிய தோல் ஈரத்தில் நெளிகிறது, மேற்பூச்சு இல்லாவிட்டால் வியர்வை பட்டு ஆடையில் ஒட்டுகிறது.

எண்ணெய்ச் சாயம் காய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், காய்ந்த பின் துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைக்கவும் வேண்டும். இருந்தும் முழுப் பரப்புக்கும் நான் தேர்ந்தெடுப்பது இதையே. திட்டில்லாமல் பரவுகிறது, சூட்டில் விறைத்த தோலுக்கு அது இழந்த நெகிழ்வையும் ஓரளவு திருப்பித் தருகிறது. எதைப் பூசினாலும் முதலில் காய்ந்த மென்தூரிகையால் கரித்தூளைத் தட்டிவிட்டு, அதே தோலின் துண்டில் சோதித்து, கோட்டைவிடத் தெளிவாக வெளிறிய நிறத்தையே எடுக்க வேண்டும். தேன் நிறத்தில் வீரன் எழுந்து நிற்கிறான், அடர்பழுப்பில் மறைந்துவிடுகிறான். அக்ரிலிக் பூச்சு தோலின் முகத்தையே மூடிவிடுவதால் அதை நான் தொடுவதில்லை.

கருப்பு வேண்டுமென்றால் இரும்புத் துகளை வினிகரில் ஊறவைத்த நீர் இருக்கிறது. பட்டையில் பதனிட்ட தோலிலுள்ள துவர்ப்பொருளோடு இரும்பு சேர்ந்து தோலுக்குள்ளேயே கருப்பு பிறக்கிறது. கலம்காரித் துணியின் கருங்கோடும் இரும்பும் கடுக்காயும் கூடி வருவதுதான். ஆனால் உருவத்தின் அருகே அதைக் கொண்டுபோனால் சுட்ட கோடு அந்தக் கருப்பிலேயே தொலைந்துவிடும். அதனால் பையின் ஓரத்தில் மட்டும் விரலகலக் கரையாகத் தீட்டி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, காய்ந்ததும் தோலுக்கான எண்ணெயை மெல்லத் தடவுகிறேன்.