நாலு வருடம் ஆகிவிட்டது, அந்த விளம்பரங்கள் இன்னும் சாகவில்லை

எனக்குப் பின்னால் கல்லூரியில் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, வேலை, இன்டர்ன்ஷிப், ரூம் மூணும் ஒரே இடத்துல கிடைக்கும்னு ஒரு சைட் சொல்வீங்களே, அதுல சேரலாமா?" 'சேரலாம்' என்று அடித்தேன், அனுப்பாமல் அழித்தேன். 'வேண்டாம்' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். நாலு வருடமாகப் பயன்படுத்தும் ஒன்றைப் பற்றி இப்படித் தடுமாறினால் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

புரொஃபைல், ரெஸ்யூமே, அலர்ட், ஒரே கிளிக்கில் விண்ணப்பம் என்று எல்லாத் தளங்களிலும் இருப்பதுதான் இதிலும் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. என் புகார் இந்த ஒரு தளத்தோடு முடிகிற விஷயமும் இல்லை.

புகார் இதுதான்: ஆள் எடுத்து முடித்த வேலையும், ஆள் குடிவந்துவிட்ட அறையும் அங்கிருந்து போகவே போகாது.

முதல் வருட விடுமுறைக்கு முன்னால் 41 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எக்ஸெல்லில் குறித்து வைத்திருந்ததால் எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது. பதில் வந்தது ஆறு. அந்த ஆறில் மூன்று, 'இந்த இடம் முன்பே நிரம்பிவிட்டது' என்ற ரகம். அதில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. '2 நாட்களுக்கு முன் பதிவிடப்பட்டது' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கவர் லெட்டர் எழுதினேன். மறுநாள் காலையில் பதில்: போன செமஸ்டரிலேயே ஆள் எடுத்தாயிற்றாம்.

அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பக்கத்தில் வலது கிளிக் செய்து, அதன் பின்னால் இருக்கும் நிரலை (கோட்) திறந்து பார்த்தேன். கூகுள் 2017-ல் தன் தேடலிலேயே வேலைகளைத் தனியாகக் காட்ட ஆரம்பித்தது. அதில் இடம்பிடிக்க வேண்டுமென்றால், விளம்பரம் எந்தத் தேதியில் வந்தது என்பதை இயந்திரம் படிக்கும் வகையில் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். 'டேட்போஸ்டட்' என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கும். தேடிப் பார்த்தால் சிக்கியது. தேதி ஐந்து மாதம் பழசு! கூகுளுக்கு ஒரு தேதி, எனக்கு ஒரு தேதி. இயந்திரத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டு மனுஷியிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அதிலிருந்து எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் அதைப் பார்த்துவிடுவேன். எப்போதும் பலிக்காது, சிலர் அந்தத் தேதியையும் சேர்த்தே புதுப்பித்துவிடுகிறார்கள். ஆனாலும் பல ராத்திரிகள் மிச்சமாகியிருக்கின்றன.

வேலையாவது பரவாயில்லை, போனால் ஒரு ராத்திரி. அறை விஷயத்தில் கால் நோகும். முன்பணத்தை அனுப்பு, அப்புறம் வீட்டைக் காட்டுகிறேன் என்பவர்களை முதல் மாதத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும், அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கஷ்டம் நல்லவர்களிடம்தான். ஒரு முறை பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்க் கதவைத் தட்டினேன். எட்டிப் பார்த்த அம்மா சொன்னார்: "அது போயே மூணு மாசமாச்சும்மா. நீ பதினோராவது ஆள்." எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம்.

ஆனால் அதே அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, அடுத்த தெருவில் தனக்குத் தெரிந்தவர் வீட்டு மாடி காலியாகப் போகிறது என்றும் சொன்னார். அங்கே இரண்டு வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு ஜன்னல் எனக்கு வாய்க்கவில்லை. செத்த விளம்பரம் வாங்கிக்கொடுத்த அறை அது. இதைத் தளத்தின் வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா?

அலர்ட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். விடிகாலை ஐந்தரைக்கு வந்த ஓர் அலர்ட்டில் மூன்று வரி விளம்பரம், எழுத்துப்பிழையோடு. பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே விண்ணப்பித்தேன், மதியம் அழைத்தார்கள். அந்த இன்டர்ன்ஷிப்தான் இன்றைய வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, வேலையும் வீடும் இந்தத் தளத்தால்தான் கிடைத்தன. இருந்தும் எரிச்சல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாடியறையைக் காலி செய்தபோது வீட்டுக்காரருக்காக நானே விளம்பரம் போட்டேன். இரண்டே நாளில் ஆள் வந்துவிட்டது. விளம்பரத்தை எடுக்க மறந்துபோனேன். ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல்: 'உங்கள் விளம்பரம் தானாகப் புதுப்பிக்கப்பட்டது, வாழ்த்துகள்.' யார் கேட்டது? படிவத்தின் அடியில், நான் தொடாமலே டிக் விழுந்திருந்த ஒரு பெட்டி. புதுப்பிக்க ஒரு கிளிக்கூட வேண்டாம். எடுக்க வேண்டுமென்றால் 'என் விளம்பரங்கள்', அதற்குள் 'நிர்வகி', அதற்குள் மூன்று புள்ளி, அப்புறம் 'ஏன் எங்களைவிட்டுப் போகிறீர்கள்' என்று ஒரு கேள்வித்தாள். முகப்பில் பெரிதாக ஓடும் 'இத்தனை விளம்பரங்கள்' என்ற எண்ணிக்கை குறையக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. பத்துப் பதினைந்து பேருக்கு 'போய்விட்டது, மன்னிக்கவும்' என்று பதில் எழுதிய பிறகே எனக்கு எடுக்கத் தோன்றியது. அந்த அம்மாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

எத்தனை நட்சத்திரம் என்றால், இன்றைக்கு இரண்டு. முதல் சம்பளம் வந்த அன்று கேட்டிருந்தால் நாலரை.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'சேர். அலர்ட்டை மட்டும் நம்பு, தேதியை நம்பாதே, போன் பண்ணிக் கேட்காமல் பஸ் ஏறாதே.' சேர்ந்துவிட்டாள் போல. நேற்று ராத்திரி ஒரு லிங்க்கோடு செய்தி வந்தது.

"அக்கா, இது உங்க பழைய மாடியறை மாதிரியே இருக்கே, அந்த ஜன்னல்கூட. 1 நாளுக்கு முன் பதிவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு. காலியாவா இருக்கு?"