வேலூர் ஹாலுக்கு எந்த ஹாரன் ஸ்பீக்கர்? ஒற்றை டிரைவரா, மூலை ஹாரனா, பதினைந்து அங்குலப் பெட்டியா

கடையில் வாங்கும் சிறிய ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 86 டெசிபல் அளவில் சத்தம் வரும். ஹாரன் வகை ஸ்பீக்கர் (விரிந்துகொண்டே போகும் குழாய் வழியாகச் சத்தத்தை வெளியே விடுவது) அதே 1 வாட்டில் 100 டெசிபலைத் தொடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பதால், இந்த 14 டெசிபல் வித்தியாசம் 25 மடங்கு சக்தி ஆகிறது.

இதைக் கேட்டதும் 'ஊரையே எழுப்பவா' என்பார்கள். விஷயம் அதற்கு நேர் எதிர். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்து, பேச்சுக் குரலைவிடக் கொஞ்சம் கூடுதலாக 70 டெசிபலில் கேட்க, 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும். நடுவில் தவில்காரர் ஓங்கி ஓர் அடி போட்டு, அந்த நொடியில் சக்தி நூறு மடங்கு எகிறினாலும் மொத்தம் 1 வாட்டுதான். ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு அந்த அடிக்கு 25 வாட் வேண்டும். அதன் சின்னக் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) சூடேறும், கோன் எல்லையைத் தொடும், அடி மழுங்கிப்போகும். சத்தம் குறைவாக வைத்துக் கேட்கும்போதும் அடி அடியாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஹாரன். சத்தப் பிரியர்களுக்கு வேறு மலிவான வழிகள் இருக்கின்றன.

எந்த ஹாரன் என்பதை ஆம்ப் முடிவு செய்வதில்லை, வீடுதான் முடிவு செய்கிறது. சத்துவாச்சாரி ஆனாலும் காட்பாடி காந்தி நகர் ஆனாலும் நம் பக்கத்து ஹால் பெரும்பாலும் 12க்கு 16 அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், தலைக்கு மேல் நிற்காமல் சுற்றும் ஃபேன். இந்த அறையை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எடைபோடுகிறேன். அமெரிக்க வீட்டுக்கு எழுதப்பட்ட பரிந்துரைகளில் பாதி இங்கே பொருந்தாது.

முதலில், அந்தக் குழாயை விட்டுவிடலாம்

திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பழைய சவுண்ட் சர்வீஸ் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். யூனிட்டும் அஹுஜாவாக இருக்கும், உழைக்கும். ஆனால் அது உள்ளுக்குள் மடித்துச் செய்த ஹாரன். பேச்சு தூரத்துக்குப் போக வேண்டும் என்பதே அதன் வேலை. அடித்தொனியும் இல்லை, மேலே பளிச்சென்ற தொனியும் இல்லை. குடியாத்தம் பக்கம் கூத்துக்கு மைக் செட் கட்டும் ஒருவரிடம் வீட்டுக்கு ஆகுமா என்று கேட்டதற்கு, "இது ஆயிரம் பேருக்குப் பேசற சாமான் சார், நாலு பேரு குந்தினு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு?" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஒற்றை டிரைவர், பின்பக்க ஹாரன்

இணையத்தில் அதிகம் மயக்குவது இதுதான். எல்லாத் தொனியையும் தானே பாடும், ஃபாஸ்டெக்ஸ் எஃப்இ206 போன்ற 20 செ.மீ. முழுவீச்சு டிரைவர் (கோனும் காந்தமும் சேர்ந்த யூனிட்) ஒன்று. முன்பக்கம் நேராகப் பாடும், பின்பக்கச் சத்தம் பெட்டிக்குள் மடித்துவிட்ட நீண்ட பாதை வழியாக வெளியே வந்து அடித்தொனியைத் தரும். கிராஸ்ஓவர் (அடித்தொனியையும் மேல் தொனியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) கிடையாது, செலவு குறைவு. இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களில் தொடங்கி வைத்த வழி இது; லோதர் டிரைவர்கள் அந்தப் பரம்பரைதான்.

தனிக் குரல், வீணை, புல்லாங்குழல் என்று கேட்டால் இதன் நேர்மைக்கு ஈடு கிடையாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் குரலுக்கு ஒரு முகம் இருக்கும். சிக்கல் இரண்டு. உச்சத் தொனிக்காக நடுவில் ஒட்டியிருக்கும் சின்னக் கோன் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் கத்தும். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. நாகஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது கை தானாக வால்யூம் பக்கம் போகும். டைல்ஸ் தரை அதற்கு எண்ணெய் ஊற்றும். இரண்டாவது, பின்பக்கப் பாதை இரண்டரை மீட்டர் நீளம் என்றால் அடித்தொனி 7 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. தவிலின் வலந்தலை ஒரு நேரத்திலும் தொப்பி சற்றுப் பின்னாலும் ஒலிப்பது, ஒருமுறை கவனித்துவிட்டால் மறக்காது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கேட்பவர் ஒருவர், உட்காரும் இடம் ஒன்று என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பமே உட்காரும் ஹாலுக்கு நான் சொல்ல மாட்டேன். நேர் எதிரே இருப்பவருக்கு மட்டும்தான் இதன் மேல் தொனி போய்ச் சேரும்.

மூலை ஹாரன்: ஆசைக்கும் சுவருக்கும் நடுவில்

அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாநிலத்து ஹோப் என்ற ஊரில் பால் கிளிப்ஷ் 1946இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கி விற்ற கிளிப்ஷ்ஹாரன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. உணர்திறன், அதாவது 1 வாட்டில் 1 மீட்டர் தள்ளி வரும் சத்தம், 105 டெசிபல். அடித்தொனிக்கும் ஹாரன்தான் என்பது இதன் பெருமை.

ஏன் மூலை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. வேலூர் வெயிலில் 35 டிகிரி காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர் ஓடும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 7 மீட்டர். திறந்த வெளியில் வைத்த ஹாரன் அந்த 50ஐச் சரியாக வெளியே தள்ள, அதன் வாயின் சுற்றளவும் 7 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது இரண்டேகால் மீட்டர் குறுக்களவுள்ள வாய். அதைவிடச் சின்ன கதவு வழியாகத்தான் நாம் வீட்டுக்குள்ளேயே போகிறோம். ஆனால் இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையில் வைத்தால் அந்த வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும்: சதுரமாகப் பார்த்தால் ஒரு பக்கம் 70 செ.மீ. மீதி வேலையைச் சுவர் செய்துவிடுகிறது.

நம் செங்கல் சுவர் இதற்குப் பிரமாதம் என்று தோன்றும். பாதி உண்மை. அமெரிக்க வீட்டின் ஜிப்சம் பலகைச் சுவர் அடித்தொனியில் அதிர்ந்து கொஞ்சம் தின்றுவிடும், கொஞ்சம் வெளியே விடும். நம் சுவர் ஹாரனின் நீட்சியாக அசையாமல் நிற்கும். ஆனால் எதையும் வெளியே விடாது. 16 அடி நீளத்துக்கு 36 ஹெர்ட்ஸிலும் 12 அடி அகலத்துக்கு 48 ஹெர்ட்ஸிலும் அறை தானே முழங்கும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் அந்த எல்லா முழக்கத்தையும் முழுசாகக் கிளப்பிவிடும். பாஸ் கிட்டாரின் ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி நிற்கும், அடுத்தது காணாமல் போகும். இந்த அறைக்குக் கிளிப்ஷ்ஹாரனின் அடித்தொனி பலம் ஒரு சுமைதான்.

அதைவிடப் பெரிய தடை, மூலையே கிடைக்காது. ஒரே சுவரின் இரு முனையிலும் கதவு, ஜன்னல், ஷோகேஸ், பூஜை அலமாரி எதுவும் இல்லாத இரண்டு மூலைகள் உங்கள் ஹாலில் இருக்கின்றனவா என்று இப்போதே திரும்பிப் பாருங்கள். ஆற்காடு, ஆரணி பக்கத்துப் பழைய நீள வீடுகளில், இருபது இருபத்தைந்து அடிக் கூடத்தில் இருக்கலாம். அப்படி வாய்த்தால் நான் பின்னால் சொல்வதை மறந்துவிட்டு இதைக் கட்டலாம். பெட்டிக்குள் சரிவாக வெட்டிய பலகைகள் ஏராளம். கோணம் ஒன்று தப்பினால் காற்று கசியும். பொறுமையுள்ள ஆசாரி கிடைப்பது மரம் கிடைப்பதைவிட முக்கியம்.

மூலை தேவைப்படாத லா ஸ்காலா அதே குடும்பம், அதே 105 டெசிபல். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த அளவுக்குப் பெட்டி வைத்துவிட்டு சப்வூஃபரும் தேடுவதில் எனக்கு விருப்பமில்லை.

பதினைந்து அங்குலப் பெட்டி, மேலே ஹாரன்

சினிமாக் கொட்டகைக்காக ஆல்டெக் லான்சிங் 1945 முதல் செய்த 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வரிசையில் ஏ7 என்ற மாடல் வீட்டுக்காரர்களின் கனவுப் பொருள். கீழே 15 அங்குல வூஃபர் (அடித்தொனி டிரைவர்), மேலே உலோக ஹாரனில் கம்ப்ரஷன் டிரைவர் (ஹாரனின் தொண்டைக்குள் சத்தத்தை அழுத்தி அனுப்பும் யூனிட்), 800 அல்லது 500 ஹெர்ட்ஸில் பிரிவு. அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஏ7 பெட்டியில் வூஃபருக்கு முன்னால் இருக்கும் குட்டை ஹாரன் மேல் பாஸை மட்டும் தூக்கும்; ஆழ்ந்த தொனி அதனுடன் ஒப்பிட மெலிந்துபோகும். கொட்டகைக்குச் சரி, ஹாலுக்கு வேண்டாம். அந்தக் குட்டை ஹாரனை எடுத்துவிட்டு, வூஃபரைச் சாதாரண ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் (காற்றுக்கு ஒரு துளை வைத்த பெட்டி) நேராகப் பொருத்தினால் கிடைப்பதுதான் என் தேர்வு. கிளிப்ஷின் கார்ன்வாலும் கிட்டத்தட்ட இந்த வழிதான்: பாஸுக்குப் பெட்டி, மேலே உள்ளவற்றுக்கு ஹாரன்.

இங்கே சத்தம் 97, 98 டெசிபலோடு நின்றுவிடும். மூலை ஹாரனைவிட 7 டெசிபல் குறைவு. 12க்கு 16 அடி அறையில் அந்த இழப்பை யாரும் உணரப்போவதில்லை.

இதில் பலரும் டிரைவரின் பிராண்டில் பணத்தைக் கொட்டுகிறார்கள். செலஸ்டியனா, பி அண்ட் சியா, டயாஃப்ரம் (ஹாரன் டிரைவருக்குள் அதிரும் தகடு) டைட்டானியமா பாலியஸ்டரா என்று மாதக்கணக்கில் விவாதம். ஹாரனின் அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க ஸ்பீக்கர் பொறியாளர் டான் கீல் 1970களில் கொடுத்த எளிய கணக்கு உண்டு: ஹாரன் பரப்பும் கோணத்தை டிகிரியிலும் வாயின் அகலத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 10 லட்சத்தை அதனால் வகுத்தால், கீழே எந்த ஹெர்ட்ஸ் வரை அந்த ஹாரன் சத்தத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் என்று தெரியும். 90 டிகிரி, 12 அங்குலம் என்றால் 925 ஹெர்ட்ஸ் சுமார். 15 அங்குல வூஃபரும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறத்தாழ 90 டிகிரிக்குக் குவிந்துவிடும். இரண்டும் ஒரே அகலத்தில் பரப்பும் இடத்தில் பிரித்தால், சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஒரே பாட்டு. பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் அதே குணத்தில் வரும்; எதிரொலி அதிகமுள்ள நம் அறைகளில் இதன் பலன் பெரிது. சவுண்ட் கடையில் விற்கும் ஆறு அங்குலக் குட்டி ஹாரனை வாங்கி 1000இல் பிரித்துவிட்டு 'ஹாரன்னாலே கத்தும்' என்பவர்கள் உண்டு. கத்தத்தான் செய்யும்.

அடுத்தது சமன்படுத்துவது. வூஃபர் 98, ஹாரனில் ஏறிய டிரைவர் 107 என்றால் 9 டெசிபலைக் குறைக்க வேண்டும். 8 ஓம் டிரைவருக்குத் தொடரில் 5.1 ஓம், டிரைவருக்கு இணையாக 4.7 ஓம், இரண்டும் 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர். வேலை முடிந்தது. இதில் கூடவே ஒரு லாபம்: ஆம்பின் 'ஸ்ஸ்' இரைச்சலும் அதே 9 டெசிபல் அடங்கிவிடும். தனித்தனி ஆம்ப் வைத்து டிஎஸ்பியில் (ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் சிப்) பிரிப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் இரைச்சல் நன்றாகக் கேட்கும்.

நேரக் கணக்கும் உண்டு. ஹாரன் டிரைவர் வூஃபர் காயிலைவிட 18 செ.மீ. பின்னால் இருந்தால் 1000 ஹெர்ட்ஸில் சரியாக அரை அலை தாமதம். ஹாரனைப் பெட்டிக்குள் புதைக்காமல் மேலே தனியாக உட்கார வைத்தால் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கலாம். அல்லது டிரைவரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்து எது நிறைவாகக் கேட்கிறது என்று பார்க்கலாம்.

பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட். வெளி அளவு 60, 75, 40 செ.மீ. வைத்தால் உள்ளே 145 லிட்டர் வரும். உங்கள் வூஃபரின் விவரத் தாளைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து, பெட்டியின் துளையை 40 ஹெர்ட்ஸ் ஒட்டி டியூன் செய்யலாம். ஒரு பெட்டிக்கு 8க்கு 4 ஷீட் ஒன்று, உள் தாங்கிகளையும் சேர்த்துத் தாராளம். எம்டிஎஃப் வேண்டாம், தரை துடைக்கும் தண்ணீருக்கே அடிப்பாகம் ஊதிவிடும். தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளை கொஞ்சம் விலை கூட, ஆனாலும் அதுவே. எல்லா வெட்டும் நேர்க்கோடு என்பதால் கதவு, அலமாரி செய்யும் எந்த ஆசாரியும் செய்து தருவார். ஹாரனை மட்டும் ரெடிமேடாக வாங்குங்கள், அல்லது பூஜை அறைக் கதவுக்கு டிசைன் வெட்டும் சிஎன்சி கடையில் பிளை அடுக்குகளாக வெட்டி ஒட்டித் தேய்க்கலாம். வாங்கும் முன் டிரைவர் திருகு வகையா போல்ட் வகையா என்பதை ஹாரனோடு வைத்துப் பாருங்கள்.

ஆம்ப் விஷயத்தில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 300பி வால்வு ஆம்ப் 8 வாட் தரும், இந்த ஸ்பீக்கருக்கு அது ராஜ வாழ்வு. ஆனால் மே மாதம் 40 டிகிரியில் அதன் பக்கத்தில் யார் உட்காருவது? 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், அதிகம் சூடாகாத சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டு கரண்ட் போனாலும் பாடும். இதையே நான் முதலில் வைப்பேன். ஆசை இருந்தால் டிசம்பரில் வால்வு.

கிராஸ்ஓவர் இல்லாமல் ஆம்பை நேரடியாக ஹாரன் டிரைவருக்குக் கொடுத்துச் சோதிப்பவர்கள் 33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் போடாமல் சுவிட்சைத் தொட வேண்டாம். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஆம்ப் விடும் ஒரு 'டப்'பில் டயாஃப்ரம் போய்விடும். வூஃபர் காயில் போனால் ரீகோன் பண்ண (கோனும் காயிலும் மாற்ற) ஊருக்கு ஒரு கை இருக்கிறது. வெளிநாட்டு டிரைவருக்கு டயாஃப்ரம் தபாலில்தான் வர வேண்டும்.