ஐந்து பேர் கூடினால்: லார்ட்ஸ் ஆஃப் வாட்டர்டீப்

வேலையாட்களை இடம் பார்த்து வைத்து ஆடும் போர்ட் கேம் வாங்கப் போனால், முதலில் எண்ண வேண்டியது வீட்டுக்கு வரும் தலைகளை. வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் போயா லீவுக்கு ஐந்து பேர் கூடினால் அதே வகை ஆட்டமான ஸ்டோன் ஏஜ் சரிவராது. அது நால்வரோடு சரி. 2012இல் வந்த லார்ட்ஸ் ஆஃப் வாட்டர்டீப் ஐவரைத் தாங்கும்.

மொத்தம் 8 சுற்றுகள். நாலைந்து பேர் ஆடினால் ஆளுக்கு 2 முகவர்கள்தான், அதாவது பலகையில் வைக்கும் வேலையாட்கள். 5ஆம் சுற்றில் இன்னொன்று கிடைக்கும். அதனால் முற்பாதி இறுக்கமாக இருக்கும். கட்டடங்களை நேரத்தோடு வாங்குங்கள்: இடமும் கூடும், மற்றவர் அதில் ஆள் வைக்கும்போது உரிமையாளருக்கும் ஏதாவது கிடைக்கும். வாங்காத கட்டடத்தின் மேல் சுற்றுக்கு ஒரு புள்ளி சேரும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். துறைமுகத்தில் வைத்த முகவர் சுற்று முடிவில் வேறு இடத்துக்கு நகரலாம் என்பதையும்தான்.

பணிகளை முடித்துத்தான் புள்ளி சேர்க்க வேண்டும். சண்டை வருவது எதிராளியின் தலையில் கட்டும் கட்டாயப் பணி அட்டைகளால். அதைப் பெற்றவர் அதை முடிக்காமல் வேறு பணியை முடிக்க முடியாது. முதல் ஆட்டத்துக்கு அவற்றை எடுத்துவிடுவது நல்லது.

அட்டைகள் முழுக்க ஆங்கிலம். ஆளுக்கொன்றாக மறைத்து வைத்திருக்கும் பிரபு அட்டையைக் காட்டி விளக்கம் கேட்கவும் முடியாது. ஆங்கிலம் சிரமமானவர்கள் இருந்தால் குறியீடுகளால் ஓடும் ஸ்டோன் ஏஜே மேல். வாட்டர்டீப்பில் பணிகளுக்குச் செலவிடும் கறுப்பு, ஊதாக் கட்டைகள் மங்கலான மின்குமிழில் ஒன்றுபோலத் தெரியும். கொழும்பின் ஈரப்பதனுக்கு அட்டை உறைகளையும் சேர்த்தே வாங்குங்கள்.